நற்சாட்சி சொன்ன இருவர்: நியூசிலாந்தில் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கப்பட்ட கதை

கல்யாணப் பேச்சு எடுத்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, “பையனைப் பற்றி விசாரிச்சாச்சா?” என்பதைத்தான். விசாரிப்பது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபீஸ் வாசல் டீக்கடை, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், முன்பு குடியிருந்த வீட்டின் ஓனரம்மா, முடிந்தால் கூடப்பிறந்த அக்கா. பையனே ஒரு நண்பனின் நம்பரைக் கொடுத்து, அந்த நண்பனிடம் மட்டும் பேசிவிட்டு “தங்கமான பையனாம்” என்று திரும்பி வந்தால், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

2017ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஓர் ஆளுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் காவல்துறை விசாரித்த விதம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அந்த லைசென்ஸை வைத்து வாங்கிய துப்பாக்கிகளோடு அவன் 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கிரைஸ்ட்சர்ச் நகரின் அல் நூர் மசூதிக்குள்ளும், பிறகு லின்வுட் இஸ்லாமிய மையத்துக்குள்ளும் புகுந்தான். 51 பேர் இறந்தார்கள். அவன் பெயரைத் தன் வாயால் சொல்லப் போவதில்லை என்று அன்றைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இந்த ஆய்வுக்கும் அவன் பெயர் தேவைப்படவில்லை. இங்கே நாம் பார்க்கப்போவது ஒரு விண்ணப்பத்தை.

விண்ணப்பம்

அவன் ஆஸ்திரேலியன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிராஃப்டன் ஊர்க்காரன், அப்போது 26 வயது. அப்பா இறந்தபின் கையில் கணிசமான பணம் வந்தது. வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் நாடு நாடாகத் தனியே சுற்றினான். 2017 ஆகஸ்ட் 17 அன்று நியூசிலாந்துக்கு வந்து இறங்கினான். ஆஸ்திரேலியக் குடிமக்கள் அங்கே தங்கவும் வேலை பார்க்கவும் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. சில நாட்களில் தெற்குத் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் டனீடனுக்குப் போய் வாடகைக்கு வீடு பிடித்தான். செப்டம்பர் தொடக்கத்திலேயே துப்பாக்கி லைசென்ஸுக்கான வேலையை ஆரம்பித்துவிட்டான். அங்கே வேலை தேடவில்லை, பழக்கமானவர் என்று சொல்லிக்கொள்ள அதிகம் யாரும் இல்லை. லைசென்ஸ் மட்டும் உடனே வேண்டும்.

கட்டணம் 126 டாலர் 50 சென்ட். பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வில் தேறவேண்டும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே நினைத்துக் கையாளு, ஐயத்துக்கு இடமின்றி இலக்கு இன்னதென்று தெரிந்தபின் சுடு, சுடப்போகும் நேரத்தில் மட்டும் தோட்டாவை ஏற்று என்ற வகையில் அங்கே சொல்லிக்கொடுக்கும் விதிகள் மொத்தம் ஏழு. படித்தவர் எவரும் எழுதிவிடக்கூடிய தேர்வு. குற்றப் பதிவேட்டில் அவன்மேல் தண்டனை எதுவும் இல்லை. ஆக, காகிதத்தில் பார்க்கக்கூடிய சோதனைகள் எல்லாவற்றிலும் சுத்தமாகத் தேறினான்.

மிச்சம் இருந்தது ஆளை அறியும் சோதனை. நியூசிலாந்துச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் ‘தகுதியும் யோக்கியதையும் உள்ள ஆள்’ என்று காவல்துறைக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அதற்கு விண்ணப்பதாரரின் வீட்டுக்கே ஒரு விசாரணை அலுவலர் போவார். துப்பாக்கியை எங்கே பூட்டி வைக்கப்போகிறாய், எதற்காக வேண்டும், குடிப்பழக்கம் உண்டா, மனநலம் எப்படி என்று கேட்பார். அதோடு நற்சாட்சி சொல்ல இரண்டு பேர் தேவை. ஒருவர் நெருங்கிய உறவினர், அதாவது மனைவி, கூட வாழும் துணை, பெற்றோர், உடன்பிறந்தவர் என்ற வரிசையில் ஒருவர். இன்னொருவர் உறவல்லாத, ஆளை நன்கு அறிந்த ஒருவர். உறவினரை வலிந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவன் எப்படி நடந்துகொள்வான் என்பது நண்பனுக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

படிவத்தில் அவன் எழுதிய முதல் பெயர் ஆஸ்திரேலியாவில் இருந்த தன் சகோதரியுடையது. இரண்டாவது, இணைய விளையாட்டில் பழக்கமான ஒரு நண்பர். இதுவரை எல்லாம் ஒழுங்கு. இங்கேதான் தடம் மாறியது. சகோதரி வெளிநாட்டில் இருக்கிறார், நேரில் பார்த்துப் பேச முடியாது, நியூசிலாந்தில் இருக்கும் வேறொருவர் பெயரைக் கொடு என்று காவல்துறைப் பக்கத்திலிருந்தே அவனிடம் சொன்னார்கள். அவன் மறுப்பேதும் சொல்லவில்லை. இரண்டாவதாக இருந்த விளையாட்டு நண்பர் உறவினரின் இடத்துக்கு நகர்ந்தார். காலியான இடத்துக்கு அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவர் வந்தார்.

கொஞ்சம் நிறுத்தி இதை இன்னொரு முறை பார்க்கலாம். இரண்டு நற்சாட்சிகள் என்று விதி கேட்பது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோணங்களிலிருந்து ஒரே ஆளைப் பார்க்க. இங்கே இரண்டு கோணமும் ஒரே வீட்டுக் கூடத்திலிருந்து வந்தன. அந்த நண்பர் அவனோடு வருடக்கணக்கில் பேசியது பெரும்பாலும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால். நேரில் சேர்ந்து இருந்த நாட்கள் சொற்பம். நண்பரின் பெற்றோர் அவனை அறிந்ததோ பிள்ளையின் நண்பன் என்ற அளவில். இருவரும் இருந்தது வடக்குத் தீவின் வைக்காட்டோ பகுதியில். அவன் இருந்த டனீடனுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கடல் ஜலசந்தியே கிடக்கிறது. எனவே வைக்காட்டோ அலுவலர் ஒருவர் அவர்களிடம் கேள்வி கேட்டார், டனீடன் அலுவலர் இவனிடம் கேள்வி கேட்டார். நண்பருக்கு இந்த ஆளை உண்மையில் எவ்வளவு தெரியும் என்ற கேள்வியை இருவரில் எவரும் தோண்டவில்லை. சகோதரிக்கு யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை.

2017 நவம்பர் 16 அன்று லைசென்ஸ் வந்தது. பத்து ஆண்டுக்குச் செல்லும். டிசம்பர் 4 அன்று முதல் துப்பாக்கியை வாங்கினான். அதன்பின் அவன் வேறெந்தத் தப்பிலும் மாட்டாமல் இருந்திருந்தால், 2027 நவம்பர் வரை அவன் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்க எந்த அதிகாரியும் அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை.

நற்சாட்சி சொன்ன அந்த இருவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார்கள். தகுந்த ஆளிடம் கேள்வி கேட்கவேண்டிய பொறுப்பு அவர்களுடையதல்ல. நெருங்கிய உறவு என்று ஒருவரையும் அருகில் காட்ட முடியாத, ஊருக்கு வந்து சில வாரங்களே ஆன ஒருவன் துப்பாக்கி கேட்கிறான் என்றால், அந்த வெற்றிடமே ஒரு தகவல். அலுவலகம் அதை நிரப்பவேண்டிய கட்டமாக மட்டும் பார்த்தது.

ஆளுக்கு லைசென்ஸ், துப்பாக்கிக்குக் கணக்கு இல்லை

இந்த விசாரணை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். இந்தியாவில் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் எந்தத் துப்பாக்கி, அதன் எண் என்ன என்பது லைசென்ஸிலேயே ஏறியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன சடங்கு. நியூசிலாந்தில் அப்போது அப்படி இல்லை. 1983 சட்டத்தின் தத்துவம் இது: ஆளைச் சரிபார், அவன் கையில் இருக்கும் துப்பாக்கிகளை எண்ணிக்கொண்டிருக்காதே. சாதாரண ‘ஏ’ வகை லைசென்ஸ் ஒன்று கையில் இருந்தால் வேட்டை ரைஃபிளும் ஷாட்கன்னும் எத்தனை வேண்டுமானாலும் வாங்க முடிந்தது. அரசுப் பதிவேட்டில் அவை ஏறவில்லை.

அதற்கு முன் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1920 சட்டம் எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்யச் சொன்னது. காவல் நிலையங்களில் அட்டைகளில் எழுதி வைத்த பதிவேடு அது. ஆள் வீடு மாறுவார், இறந்துபோவார், துப்பாக்கியை மச்சானுக்குக் கொடுத்துவிடுவார், அட்டை மட்டும் பழைய முகவரியோடு பெட்டியில் தூங்கும். 1980களின் தொடக்கத்தில் அதைக் கணினிக்கு மாற்றலாமா என்று சரிபார்த்தபோது, பதிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு தவறாக இருப்பது தெரிந்தது. பதிவேட்டைச் சீர்செய்ய ஆகும் செலவில் பலன் இல்லை, ஆளைச் சோதிப்பதே போதும் என்று முடிவெடுத்தார்கள். அந்த நாட்டைப் பார்த்தால் அந்த முடிவு அவ்வளவு விசித்திரமாகவும் தெரியாது. முயல், மான், ஆடு, போசம் என்ற மரமேறும் விலங்கு எனக் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட விலங்குகள் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் தின்று தீர்க்கின்றன. பண்ணைக்காரர் வீட்டில் துப்பாக்கி என்பது மண்வெட்டி, கடப்பாரைக்கு அடுத்த கருவி. 2019இல் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் லைசென்ஸ் இருந்தது. துப்பாக்கிகள் 12 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், எண்ணிக்கை இல்லை.

முதல் எச்சரிக்கை 1990இல் வந்தது. டனீடனை அடுத்த அரமோவானா என்ற சிறிய கடலோரக் குடியிருப்பில் ஒருவன் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியால் 13 பேரைக் கொன்றான். காவல்துறை சார்ஜென்ட் ஒருவரும் அதில் அடக்கம். 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. வாழ்நாள் லைசென்ஸ் பத்து ஆண்டாகக் குறைந்தது. ராணுவப் பாணி செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்கு ‘இ’ என்ற தனி ஒப்புதல் வந்தது. 1997இல் ஓய்வு பெற்ற நீதிபதி தாமஸ் தோர்ப் தலைமையில் நடந்த ஆய்வு, எல்லாத் துப்பாக்கிகளையும் மறுபடி பதிவு செய்யுங்கள் என்றது. அதை ஒட்டி வந்த மசோதாக்கள் தேறவில்லை. 2017 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு ஒன்று 20 பரிந்துரைகள் கொடுத்தது. அப்போதைய காவல்துறை அமைச்சர் பவுலா பென்னெட் அவற்றில் 12ஐ நிராகரித்தார். அந்த நிராகரிப்பு நடந்த இரண்டே மாதத்தில் கிராஃப்டன் ஊர்க்காரன் விமானத்திலிருந்து இறங்கினான்.

மேகசின் ஓட்டை

ஒரு சட்டத்தில் ஓட்டை எப்படி விழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் என்றால், விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா பாயும். அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும், கையால் போல்ட்டை இழுத்துவிட வேண்டாம். தோட்டாக்கள் வரிசையாக அடுக்கிய பெட்டிதான் மேகசின். பேனாவில் ரீஃபில் மாற்றுவதுபோலக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம்.

1992 சட்டம், ஒரு ரைஃபிள் ‘ராணுவப் பாணி’யா இல்லையா என்பதை முடிவு செய்ய எடுத்துக்கொண்ட அடையாளங்களில் முக்கியமானது, அதில் எத்தனை தோட்டா பிடிக்கும் மேகசின் மாட்டியிருக்கிறது என்பது. பொதுவான வேட்டைத் தோட்டாவுக்கு ஏழு வரை என்றால் ‘ஏ’ வகை. அதற்கு மேல் போனால் ‘இ’ வகை, தனி ஒப்புதல் வேண்டும், பதிவும் வேண்டும். ஒரே ரைஃபிள்தான். சின்னப் பெட்டி மாட்டினால் சாது, பெரிய பெட்டி மாட்டினால் ராணுவம்.

சரி, அந்தப் பெரிய பெட்டியை வாங்க என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். மேகசின் விற்பனைக்கு அப்போது சட்டத்தில் கட்டுப்பாடே இல்லை. ‘இ’ ஒப்புதல் இல்லாதவர், ஏன் லைசென்ஸே இல்லாதவர்கூட, 30 தோட்டா பிடிக்கும் மேகசினைக் கடையில் வாங்கலாம். தன் ரைஃபிளில் மாட்டும் அந்த நொடியில்தான் குற்றம். அந்த நொடியைப் பார்க்க அங்கே எந்த அதிகாரி இருக்கப்போகிறார்? பூட்டை விற்பவருக்கு லைசென்ஸ் வைத்துவிட்டு, கள்ளச்சாவியைப் பெட்டிக்கடையில் தொங்கவிட்ட கதை.

அவன் செய்ததும் அதுதான். ‘ஏ’ வகை லைசென்ஸில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைச் சட்டப்படியே வாங்கினான், பெரிய மேகசின்களைத் தனியே வாங்கினான், வீட்டில் பொருத்திக்கொண்டான். இணையம் வழியாக வாங்கிய துப்பாக்கிகளுக்குக் காவல்துறை அதிகாரி ஒருவர் ஆர்டர் படிவத்தில் கையெழுத்திடவும் வேண்டியிருந்தது. லைசென்ஸ் செல்லுமா என்று பார்ப்பதோடு அந்தக் கையெழுத்தின் வேலை முடிந்தது. அவன் பிறந்த ஆஸ்திரேலியாவில், 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு, இந்த வகை ரைஃபிள்கள் சாதாரண ஆளுக்குக் கிடைப்பதே இல்லை. கடல் தாண்டி மூன்று மணி நேரம் பறந்தால் கிடைத்தன.

2018: இரண்டு முறை கதவு திறந்தது

லைசென்ஸ் கொடுத்தபின்னும் ஆளைத் திரும்பிப் பார்க்க வாய்ப்புகள் இருந்தன.

டனீடன் பக்கத்துச் சுடுதளங்களில் மற்றவர்கள் நிதானமாகக் குறிபார்த்து ஒவ்வொன்றாகச் சுட, இவன் படபடவென்று சுட்டுத் தள்ளி, மேகசினை வேகமாக மாற்றிப் பழகினான். அங்கிருந்தவர்கள் கவனித்ததாகப் பின்னால் விசாரணையில் தெரிந்தது. அப்போது ரைஃபிள் கிளப்புகளுக்கோ சுடுதளங்களுக்கோ தனிச் சட்டமே கிடையாது. யாரிடம் சொல்வது, சொல்லியாக வேண்டுமா என்பதெல்லாம் அவரவர் விருப்பம்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. 2018 ஜூலையில் வீட்டில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்துவிட்டது. கண்ணிலும் தொடையிலும் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனான். சிகிச்சை நடந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தகவல் காவல்துறைக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று சட்டம் சொல்லவும் இல்லை. தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் துப்பாக்கியைத் துடைத்தவன், பாதுகாப்பு வகுப்பின் முதல் விதியிலேயே தோற்றவன். லைசென்ஸை மறுபரிசீலனை செய்ய அந்த ஒரு தகவல் போதாதா என்று கேட்டால், காரணமாவது இருந்திருக்கும். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் குண்டுக் காயத்தோடு ஒருவர் வந்தால் ‘போலீஸ் கேஸ்’ என்று எழுதிவிட்டுத்தான் மறுவேலை என்ற வழக்கத்தை நாம் அலுத்துக்கொள்வது உண்டு. இந்த வழக்கைப் படித்தபின் எனக்கு அந்த அலுப்பு கொஞ்சம் குறைந்தது.

இருபத்தெட்டு நாட்கள்

தாக்குதலுக்குப் பிறகு நடந்தவை உலகச் செய்தி. ஆறாம் நாளான மார்ச் 21 அன்று ஆர்டர்ன் தடையை அறிவித்தார். அன்று பிற்பகலே ஓர் ஆணை மூலம் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளை ‘இ’ வகைக்குள் தள்ளிவிட்டார்கள், சட்டம் வருவதற்குள் யாரும் வாங்கிக் குவித்துவிடாமல் இருக்க. ஏப்ரல் 10 அன்று மசோதா 119க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த ஒரே ஓட்டு ஆக்ட் கட்சியின் டேவிட் சீமோருடையது. ஏப்ரல் 12 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அடுத்து, கையில் இருந்தவற்றைத் திரும்ப வாங்கும் திட்டம். ஜூலை 13 அன்று கிரைஸ்ட்சர்ச்சிலேயே ரிக்கார்ட்டன் குதிரைப்பந்தய மைதானத்தில் முதல் நாள் நடந்தது. புதிதுபோல இருந்தால் அடிப்படை விலையில் 95 சதவீதம், பயன்படுத்தியது என்றால் 70, பழுதானது என்றால் 25. டிசம்பர் 20 அன்று கெடு முடிந்தபோது 56,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளும், 1,88,000 அளவில் உதிரிப் பாகங்களும் வந்து சேர்ந்திருந்தன. கொடுத்த தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது. மொத்தத்தில் எத்தனை வந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடையாது. 1983இல் பதிவேட்டைத் தூக்கிப் போட்டதன் கடன் அப்போதுதான் வட்டியோடு வந்து நின்றது.

திட்டத்தின் கடைசி மாதத்தில் ஒரு சங்கடமும் நடந்தது. துப்பாக்கியை ஒப்படைக்கப் பதிந்தவர்களின் விவரங்களை, பார்க்கக்கூடாத ஒரு விற்பனையாளரால் இணையத்தில் பார்க்க முடிந்தது. மென்பொருளில் செய்த மாற்றம் ஒன்றின் கோளாறு. தளத்தை மூடிவிட்டார்கள். எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று, பதிவேடு வேண்டாம் என்பவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தார்கள். அரசே அந்தக் கேள்விக்கு ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தது.

ராயல் கமிஷன் என்ன சொன்னது

2020 ஆகஸ்ட் 27 அன்று அவனுக்கு ஆயுள் தண்டனை, பரோல் கிடையாது என்று தீர்ப்பு. அந்த நாட்டில் அப்படியொரு தண்டனை அதுவே முதல். தாக்குதலைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷனின் அறிக்கை அதே ஆண்டு டிசம்பரில் வெளியானது. பரிந்துரைகள் 44.

தாக்குதல் நடக்கும் முன்பே அவனைப் பிடித்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு அறிக்கை நிதானமாகவே பதில் சொன்னது. அவன் திட்டத்தைக் கண்டுபிடிக்கத் தற்செயலைத் தவிர வேறு வழி இருந்திருக்காது என்றது. ஆனால் இரண்டு இடங்களில் அரசைச் சுட்டியது. ஒன்று, உளவு அமைப்புகளின் கவனம் முழுக்க ஒரே வகைத் தீவிரவாதத்தின் பக்கம் குவிந்திருந்தது. இன்னொன்று, காவல்துறை துப்பாக்கி லைசென்ஸ் முறையை நடத்திய விதம் எதிர்பார்க்கத்தக்க தரத்தில் இல்லை.

லைசென்ஸ் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சினிமாவில் வருவது போன்ற லஞ்சமோ சதியோ அதில் இல்லை. உறவினர் கிடைக்காவிட்டால் யாரை மாற்றாக ஏற்கலாம் என்பதில் காவல்துறையின் கையேடும் வழிகாட்டுதலும் தெளிவாக இல்லை. விசாரணை அலுவலர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. சகோதரியை நேரில் பார்க்க முடியாது என்பதற்காக அவரை அப்படியே விட்டுவிட்டார்கள். 2017இல் வீடியோ அழைப்பு எட்டாக்கனியாக இருந்ததா என்ன? விளையாட்டு நண்பர் உறவினருக்கு ஈடாக நிற்கத் தகுந்தவர்தானா என்பதையும் யோசிக்கவில்லை. சகோதரியிடம் பேசியிருந்தால் லைசென்ஸ் கிடைத்திருக்காது என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை. பேசியிருந்தால், மறுக்கக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். ஆளைச் சோதிப்பதே போதும் என்று 1983இல் பந்தயம் கட்டிய நாடு, அந்தச் சோதனைக்குத் தேவையான ஆளையும் பயிற்சியையும் கொடுக்காமல் விட்டது. இந்த வழக்கில் எனக்குப் படும் மூலப் பிசகு இதுதான். மேகசின் ஓட்டை அந்தப் பிசகின் விலையைக் கூட்டியது.

இப்போது விண்ணப்பிப்பவர்

தடைச் சட்டத்துக்குக் கிடைத்த வெளிச்சம் 2020 ஜூனில் வந்த இரண்டாவது சட்டத்துக்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவரின் அன்றாடத்தை அதிகம் மாற்றியது அதுதான். முதல்முறை லைசென்ஸ் வாங்குபவருக்கு இப்போது ஐந்து ஆண்டுதான், பத்து கிடையாது. யாரை ‘யோக்கியதை உள்ள ஆள்’ இல்லை என்று சொல்லலாம் என்பதற்கான காரணங்கள் சட்டத்திலேயே விரிவாக எழுதப்பட்டன. வன்முறை, குடும்பத் தகராறு, போதைப் பழக்கம், மனநலம், தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புவது என்று நீளும் பட்டியல். தோட்டாவும் மேகசினும் வாங்கக்கூட லைசென்ஸ் காட்டவேண்டும். கிளப்புகளும் சுடுதளங்களும் சட்டத்துக்குள் வந்தன. தோட்டாவைத் துப்பாக்கியிலிருந்து தனியே பூட்டி வைப்பது பற்றிய விதி 2022இல் இறுக்கப்பட்டது.

லைசென்ஸ் வேலைக்கென்று காவல்துறைக்குள்ளேயே தே தாரி பூரெகே என்ற பெயரில் தனிப் பிரிவு 2022 நவம்பரில் உருவானது. 2023 ஜூன் 24 அன்று துப்பாக்கிப் பதிவேடு திறந்தது. துப்பாக்கி வாங்கினாலோ விற்றாலோ முகவரி மாறினாலோ பதிய வேண்டும். எதுவுமே நடக்காவிட்டாலும் 2028 ஆகஸ்ட் 31க்குள் எல்லா லைசென்ஸ்காரர்களும் கையில் இருப்பதைப் பதிந்து முடிக்க வேண்டும். அட்டைப்பெட்டிப் பதிவேட்டைக் கைவிட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அரசியல் ஓயவில்லை. 2023 தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணியில் ஆக்ட் கட்சி இடம்பிடித்தது. துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு அந்தக் கட்சியின் நிக்கோல் மெக்கீ கைக்குப் போனது. அவரே துப்பாக்கி உரிமையாளர்களின் குரலாக அரசியலுக்கு வந்தவர். பதிவேட்டை மறு ஆய்வு செய்தார்கள். 2025இல் அமைச்சரவை பதிவேட்டைத் தொடர்வது என்று முடிவெடுத்தபோது, கூட்டணி ஒப்பந்தத்தில் இருந்த ‘உடன்படாமல் இருக்க உடன்படும்’ பிரிவை ஆக்ட் கட்சி கையில் எடுத்தது. நேர்மையான வேட்டைக்காரனை ஏன் சந்தேகப்பட்டியலில் வைக்கிறீர்கள் என்ற அவர்கள் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். அந்த இரண்டரை லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் முயலையும் மானையும் தவிர வேறெதையும் குறிபார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய பத்தாண்டு லைசென்ஸும் அவனுடைய பத்தாண்டு லைசென்ஸும் ஒரே அச்சில் வந்தவைதான். பார்த்து வேறுபடுத்த ஒன்றும் இல்லை.

2020 சட்டம், துப்பாக்கி வைத்திருக்கும் நோயாளியைப் பற்றிக் கவலை தோன்றினால் மருத்துவர் காவல்துறைக்குச் சொல்ல வழி செய்து கொடுத்தது. சொல்வதா வேண்டாமா என்பதை மருத்துவரே யோசித்து முடிவெடுக்கலாம். சில மாதம் கழித்து வந்த கமிஷன் அறிக்கை, அது போதாது என்றது. துப்பாக்கியால் ஏற்பட்ட காயத்தோடு யார் வந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குங்கள் என்று பரிந்துரைத்தது. அதை எழுதியவர்கள் மேசையில், கண்ணிலும் தொடையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு 2018 ஜூலையில் வீடு திரும்பிய ஒரு நோயாளியின் விவரம் இருந்தது.